காவல்காரர் என்ற பெயர்: பள்ளிப்பட்டு மாந்தோப்புகளும் நம் நில வரலாறும்



இந்த உரைக்கு மாந்தோப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "தோப்புல என்னங்க தலித் வரலாறு இருக்கு? நிழல்தானே இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் நில வரலாற்றை நாம் நெல் வயலில் நின்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி என்றதும் 44 உயிர்களும் தஞ்சை வயல்களும் கண்முன் வருகின்றன. வடக்கே வந்தால் பஞ்சமி நிலம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை நில மீட்புக்காக நின்று துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஜான் தாமசும் ஏழுமலையும். இவற்றை எத்தனை முறை பேசினாலும் தகும். ஆனால் மாமரம் இந்தக் கதைகளில் எங்குமே வருவதில்லை.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நடவுக்கு இருபது பெண்கள் ஒன்றாக இறங்குவார்கள், அறுப்புக்கு ஊர்க்காலனியே திரளும். கூலி கேட்க ஆள் சேரும் இடம் அது. அங்கே சங்கம் முளைத்தது, கொடி ஏறியது. தோப்பில் ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கும். அடுத்த தோப்பின் குடும்பம் வேலிக்கு அப்பால், கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். அந்தக் குடும்பத்துக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'காவல்காரர்'. இந்தப் பெயரைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். மரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, மருந்து அடித்து, பூவும் பிஞ்சும் பார்த்து வளர்த்தவரைக் 'காவல்காரர்' என்று கூப்பிட்டதில் சட்டத்தின் கண்ணிலிருந்து ஒரு விவசாயி எப்படி மறைக்கப்பட்டார் என்பதே என் பேச்சு.

பள்ளிப்பட்டை எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த இடம் அது. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கொசஸ்தலை ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஒரு பக்கம் நகரி, புத்தூர். இன்னொரு பக்கம் ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்ப்பேட்டை என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டை என்றால் இரண்டும். எல்லைக்கு அப்பால் சித்தூர் மாவட்டம் முழுக்க மாம்பழ நாடு. அதன் ஓரம்தான் பள்ளிப்பட்டுத் தோப்புகள்.

இந்தப் பகுதி கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தது. 1802ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வைக்குப் பின் ஜமீன் கும்பினிக்குப் பேஷ்குஷ் கட்டியது. குடிகள் ஜமீனுக்குக் கட்டினார்கள். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய குறிப்பைத் தொடர்ந்து 1892இல் ஆணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசை ஒப்படை செய்யலாம், பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்றது அது. ஆனால் அரசு தன் கையில் இருந்த தரிசைத்தான் கொடுக்க முடியும். ஜமீன் எல்லைக்குள் இருந்த தரிசு ஜமீனுக்குரியது. அதனால் செங்கல்பட்டின் ரயத்துவாரி கிராமங்களில் நம் பாட்டன்களுக்குக் காகிதத்திலாவது ஒரு துண்டு நிலம் வந்த காலத்தில், சில மைல் தள்ளி இருந்த ஜமீன் கிராமத்துச் சேரிக்கு அந்தக் காகிதத்தைக் கேட்கும் வாசல்கூட இல்லை. 'பஞ்சமி நிலம் எங்க ஊர்ல எங்கே?' என்று பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போனது, பட்டா வந்தது. யாருக்குப் பட்டா? யார் பெயர் கர்ணம் கணக்கில் குடியாக இருந்ததோ அவருக்கு. சங்கிலி பிடித்து நிலம் அளக்க உதவிய வெட்டியான் அந்தக் கணக்கில் குடி அல்ல, ஊழியம் செய்பவர்.

பிறகு எல்லைப் போராட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை நாம் அறிவோம். பட்டாஸ்கர் பரிந்துரைப்படி, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அந்தப் போராட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் இந்த மண் எந்த மொழிக்காரருடையது என்று இரண்டு மாநிலங்கள் வழக்காடிய காலத்தில், இந்த மண் யாருடையது என்று காலனியில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. கச்சேரி மாறியது, தலைநகர் மாறியது. ஏர் பிடித்தவர் மாறவில்லை.

ஊரில் நிலம் வைத்திருந்த வீடுகளில் படித்த பிள்ளைகள் சென்னைக்கு உத்தியோகம் போக ஆரம்பித்தார்கள். நெல்லும் கடலையும் போட்டால் ஆள் நின்று பார்க்க வேண்டும். மாமரம் அப்படி இல்லை. வைத்து ஐந்தாறு வருடம் காப்பாற்றிவிட்டால் முப்பது, நாற்பது வருடம் காய்க்கும். உரிமையாளர் ஊரில் இல்லாமலே நடக்கக்கூடிய விவசாயம் அது. அரசின் சட்டமும் தோப்பைத் தனியாகத்தான் பார்த்தது. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது; 1970இல் அது 15 ஆனது. அந்தச் சட்டமே, 1959 ஜூலை 1ஆம் தேதிக்குள் பழத்தோட்டமாகவோ தோப்பாகவோ மாற்றப்பட்ட நிலத்துக்கு விலக்கும் கொடுத்திருந்தது. ஐந்து ஏக்கர்த் தோப்புக்கு உச்சவரம்பு ஒரு பொருட்டே இல்லை, உண்மைதான். ஆனால் மரம் நின்றால் நிலச் சீர்திருத்தம் வேலிக்கு வெளியே நிற்கும் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று பார்க்க இது உதவும்.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய நிலத்தில் தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தாரின் உழைப்பையோ செலுத்திச் சாகுபடி செய்பவரை, குத்தகை உடன்பாடு வெளிப்படையாக இருந்தாலும் உட்கிடையாக இருந்தாலும், பாதுகாக்கிறது. சாகுபடி என்ற சொல்லுக்குள் தோட்டக்கலையும் அடக்கம். 1969இல் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யவும் சட்டம் வந்தது. அப்படியானால் தோப்பில் இருப்பவர் ஏன் பதியவில்லை? அவர் குத்தகைதாரர் இல்லையாம், காவல்காரராம். காவலுக்கு இருப்பவர் சாகுபடி செய்வதாகச் சட்டம் எண்ணாது. சரி, விவசாயக் கூலியாவது? தினக்கூலி வாங்கவில்லையே, 'தங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்' அவ்வளவுதான். தஞ்சையில் 1952இல் பண்ணையாள் என்ற சொல் சட்டத்தின் தலைப்பிலேயே ஏறியது. அது எழுதப்பட்டதால்தான் அதைக் காட்டி வழக்காட முடிந்தது. தோப்புக் காவல்காரர் என்ற சொல் எந்தச் சட்டத்தின் தலைப்பிலும் ஏறவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. மாம்பழத்துக்குப் பேர்போன இன்னொரு மண் கொங்கணத்து ரத்னகிரி. பாபாசாகேப் அம்பேத்கரின் பூர்வீக ஊர் அந்தப் பக்கம்தான். அங்கே அரசுக்கும் உழுபவருக்கும் நடுவில் கோத் என்ற இடையாள் உட்கார்ந்திருந்தார். 1937 செப்டம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கோத்தி முறை ஒழிப்பு மசோதாவை அம்பேத்கர் கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் கொங்கணத்து விவசாயிகள் பம்பாயில் பேரணியாக வந்தார்கள். சட்டம் ஆனதோ 1949இல்தான். அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு மட்டும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் இந்த மசோதாவையும் தேடிப் படியுங்கள்.

சட்டம் பேசியது போதும். தோப்புக்குள் போவோம். என் தாய்மாமா பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் 24 ஆண்டுகள் இருந்தார், 1983 முதல் 2007 வரை. ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. முப்பது அடிக்கு ஒரு மரம் என்ற கணக்கில் 212 கன்று. பங்கனப்பள்ளி, நீலம், பெங்களூரா, ஓரத்தில் கொஞ்சம் ருமானி. உரிமையாளர் சென்னையில் உத்தியோகம் பார்த்தவர். பள்ளி விடுமுறைக்கு நான் போய்த் தங்கிய இடம் அது, அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கன்று வைத்த முதல் இரண்டு கோடையும் குடத்தில்தான் தண்ணீர். மோட்டார் உண்டு, ஆனால் வாய்க்கால் எல்லாக் கன்றுக்கும் எட்டாது. தொட்டியில் நிரப்பி, அத்தை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்தார். கன்றுக்கு இரண்டு குடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 212 கன்றுக்கு 424 குடம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் ஆறாம் வகுப்பு. அத்தையிடம் சொன்னேன். "எண்ணாதடா, எண்ணுனா கை வலிக்கும்" என்றார்.

அந்த வருடங்களில் கன்றுகளுக்கு நடுவே நிலம் சும்மா கிடந்தது. அதில் வேர்க்கடலை, காராமணி, கொள்ளு போட்டுக்கொள்ள அனுமதி. அதுதான் கூலிக்குப் பதில் கூலி. அதோடு வருடத்துக்குச் சில மூட்டை நெல், தீபாவளிக்குத் துணி. கடலை போட்டால் களை எடுப்பார்கள், மண் கிளறப்படும், கன்றுக்கும் நல்லது. உரிமையாளருக்கு ஒரு காசு செலவில்லாமல் தோப்பு பராமரிக்கப்பட்டது. முதல் நான்கு வருடம் மாமாவின் குடும்பம் நன்றாகவே இருந்தது. ஐந்தாம் வருடம் மரம் கை விரித்தது. ஏழாம் வருடம் நிழல் விழுந்த இடத்தில் கடலை காய்க்கவில்லை. எட்டாம் வருடம் ஊடுபயிரே இல்லை. "மரம் பெருசாவ பெருசாவ நம்ம கொல்லை சின்னதாவுது" என்று அத்தை சொன்னது எனக்கு அன்று புரியவில்லை. எந்த அளவுக்கு அவர்கள் மரத்தை நன்றாக வளர்த்தார்களோ அந்த அளவுக்குச் சீக்கிரம் அவர்களுடைய வருமானம் நின்றது. அதற்கு ஈடாகக் கூலி ஏறியதா என்றால், இல்லை. 'தங்க இடம் இருக்கிறதே' என்பதுதான் பதில்.

தங்கிய இடம் மோட்டார் கொட்டகை. தோப்புக்குள் ஓட்டு வீடு ஒன்றும் இருந்தது. உரிமையாளர் வருடத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் உட்காருவதற்கு. அதன் சாவி சென்னையில். திண்ணையை அத்தை தினமும் பெருக்கினார், உள்ளே ஒருநாளும் போனதில்லை. உரிமையாளர் வந்தால் காப்பி போட்டுக் கொடுப்பது கூட வந்த டிரைவர். மாமாவுக்கு உரிய டம்ளர் கிணற்றுத் தொட்டி ஓரம் தனியாகக் கவிழ்த்திருக்கும். அவர் கையால் பறித்த பழம் மட்டும் சென்னை வீட்டுப் பூஜை அறைவரை போகும். முதல் காய்ப்பில் ஒரு கூடையைத் திருத்தணி மலைக்கு 365 படி ஏறிச் சுமந்து போனதும் அவர்தான். உரிமையாளரின் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாமாவைப் பெயர் சொல்லி, 'வா, போ' என்றார்கள். அவர் அவர்களை "வாங்க தம்பி" என்றார்.

மார்கழி, தையில் பூ. பூவோடு தத்துப்பூச்சி வரும். மரத்தடியில் நின்றால் நெல் பொரிவதுபோல் சத்தம் கேட்கும். மருந்து அடிப்பது மாமாவும் அவர் பெரிய மகனும். மூக்கில் துண்டு, காலில் ஒன்றுமில்லை. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடை செய்தது 2011இல். அதற்கு முன்னால் அதுதான் எங்கும் கிடைத்த மருந்து. மேல்நோக்கி அடிக்கும் மருந்து அடிப்பவர் மேலேயே இறங்கும் என்பதை எந்த டப்பாவும் எழுதவில்லை. மாமாவுக்குக் கடைசிவரை கண் எரிச்சல் இருந்தது.

இரவில் தூக்கம் கிடையாது. விவசாய மின்சாரம் இலவசமானது உண்மை, நல்லதும்கூட. ஆனால் மும்முனைக் கரண்டு பல நாள் இரவில்தான் வரும். இரண்டு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டு, பாத்தி மாற்ற வேண்டும். கண்ணாடி விரியன் உலவும் நேரம் அது. காய்க் காலத்தில் வௌவால், குரங்கு, அப்புறம் மனிதர். தகரம் தட்டிக்கொண்டே விடிந்துவிடும். விடிந்ததும் உதிர்காய் பொறுக்க வேண்டும். உதிர்காய் யாருக்கு என்பதுதான் அந்தத் தோப்பின் நிரந்தரச் சண்டை. பால் வடியும் காயை அறுத்து வற்றல் போட்டு அத்தை விற்றால் அது திருட்டா, உரிமையா? உரிமையாளர் ஒருமுறை கேட்டார்: "ஏம்பா, இந்த வாட்டி காய் ரொம்ப உதிர்ந்துச்சோ?" மாமா சொன்னார்: "காத்து அடிச்சா உதிருங்க சார். நான் போயி புடிச்சிக்கினா நிக்க முடியும்?" அதற்குமேல் பேச்சு போகவில்லை. அந்த வருடத்திலிருந்து உதிர்காயும் எண்ணப்பட்டது.

பூ பிடித்ததும் வியாபாரி வருவார். மரத்தைப் பார்த்தே பூக்குத்தகை பேசி முன்பணம் கொடுப்பார். நிலத்துக்கு ஒரு முதலாளி, காய்க்கு ஒரு முதலாளி என்று அப்போது மாமாவுக்கு இருவர். மருந்து வியாபாரி செலவு, தண்ணீர் உரிமையாளர் செலவு. இரண்டையும் செய்யும் கை ஒன்றுதான். அந்தக் கைக்கு யார் கொடுப்பது என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள். பங்கனப்பள்ளி கொத்தவால்சாவடிக்குப் போகும். 1996க்குப் பிறகு கோயம்பேட்டுக்கு. பெங்களூரா எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்கு. 2025இல் இந்தக் காய்க்கு விலை விழுந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது, ஆலை 8, அரசு 4. வெளிமாநிலக் காய் உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் ஆட்சியர் ஜூன் 7 அன்று தடை போட்டார். அதை நீக்கக் கேட்டுக் கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார். 1960இல் மேசைமேல் போட்ட கோடு அறுபத்தைந்து ஆண்டு கழித்து மாங்காய் லாரியின் முன்னால் வந்து நின்றது. லாரி நின்றால் முதலில் நிற்பது பறிப்புக் கூலி. அது எந்தக் கடிதத்திலும் வராது.

நிவாரணமும் அப்படியே. மேலே கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்கும். கரையோரத் தோப்பில் இடுப்பளவு நீர் நிற்கும். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைப் பார்த்து அறிக்கை எழுதுவார். 1980இல் பரம்பரைக் கர்ணம் ஒழிக்கப்பட்டது பெரிய மாற்றம்தான், ஆனால் அடங்கலின் பத்திகள் மாறவில்லை. பட்டாதாரர் பெயர் உண்டு, பயிர் உண்டு, பசலி உண்டு. பணம் பட்டாதாரருக்குப் போகும். 2019 முதல் மத்திய அரசு வருடத்துக்குக் கொடுக்கும் 6,000 ரூபாயும் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான். அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்காவது போகலாம் என்றால் தோப்பை விட்டு அசையக் கூடாது. அட்டையோ சொந்த ஊர்ப் பஞ்சாயத்தில்.

இன்று இந்தப் பக்கத்துத் தோப்புகளில் நம் ஆட்கள் குறைந்து இருளர் குடும்பங்கள் காவலுக்கு வருவதைப் பார்க்கிறேன். நம் பிள்ளைகள் தறிக்கும் கம்பெனிக்கும் போய்விட்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் நாம் காலி செய்த கொட்டகையில் நம்மைவிட வலுவற்றவர் வந்து படுத்திருக்கிறார். முன்பணம் வாங்கியவர் வெளியே போகும் சுதந்திரத்தையும் வேறு வேலை தேடும் சுதந்திரத்தையும் இழந்தால் அது கொத்தடிமை என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். செங்கல் சூளை, அரிசி ஆலை என்றால் அதிகாரிகள் இந்தச் சட்டத்தோடு போகிறார்கள். தோப்பு வேலிக்கு முன்னால் வந்ததும், 'காவலுக்குத்தானே இருக்கிறார்கள்' என்ற பதில் போதுமானதாக இருக்கிறது. நம் இயக்கங்களுக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு. இருளர் பிரச்சினை பழங்குடி அமைப்புகளின் வேலை என்று நாம் விலகி நிற்க முடியாது.

2007இல் உரிமையாளர் காலமானார். பிள்ளைகள் தோப்பை மனைக்காக விற்றார்கள். மாமாவுக்கு ஒரு மாத அவகாசமும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். எவ்வளவு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பல வருடம் கழித்து, வேறு வேலையாகப் போன இடத்தில், அந்தக் கிரயப் பத்திரத்தின் நகலை நான் பார்த்தேன். சொத்து விவரத்தில், நான்கு எல்லைக்குப் பிறகு, கிணறு 1, ஐந்து குதிரைத்திறன் மின் மோட்டார் 1, ஓட்டு வீடு 1, மோட்டார் கொட்டகை 1, மாமரம் 212 என்று எழுதியிருந்தது. ஊருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"212 ஏது? 209தான். கெணத்துமேட்டு நீலம் ரெண்டு எண்பத்தேழு வறட்சில போச்சி. தெக்கால வேலியோரம் இருந்த பெங்களூரா இடி வுழுந்து எரிஞ்சிது. அத எரிஞ்சப்பவே நான் அவருகிட்ட சொன்னனே, எழுதிக்கலயா?"